பிலிமுக்குத் தெரியாத சிவப்பு

1. நகப் பிறை

ஆர்.டி. எனப்படும் எக்ஸ்ரே செக்‌ஷனில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, இருட்டறைக்குள் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பிலிம் கழுவுவது. எங்களுடையது ஓசூர் சிப்காட்டில் இரும்பு வார்க்கும் கம்பெனி. வால்வு, பம்பு பாடி எல்லாம் வார்த்து முடித்ததும் எக்ஸ்ரே எடுப்போம். உள்ளே காற்றுக் குமிழோ விரிசலோ இருந்தால் அந்த இடம் பிலிமில் கறுப்பாக விழும். டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், தண்ணீர் என்று வரிசையாக முக்கிக் கழுவ வேண்டும். காய்ந்ததும் வியூயர் என்கிற விளக்குப் பெட்டியில் மாட்டிப் படிக்க வேண்டும்.

நான் படித்த முதல் பிலிமிலேயே கறுப்பாக ஒரு வளைவு. "விரிசல், ரிஜெக்ட்" என்று எழுதப் போனேன். என்னோடு அதே வாரம் சேர்ந்த மஞ்சுநாத் எட்டிப் பார்த்தான். அத்திப்பள்ளிக்காரன். யாராக இருந்தாலும் அவனுக்கு 'குரு'தான்.

"குரு, பிலிமைச் சாய்ச்சுப் பாரு. பிறை மாதிரி இருக்கில்ல? அது உன் நகம் அழுத்துனது. நகம் வெட்டிட்டு வா. காஸ்டிங்கு மேல எதுக்குக் கோவம்?"

புதிதாக வருகிற டிப்ளமோ தம்பிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பிலிமில் ஏதாவது தெரிந்தால் அது இண்டிகேஷன். அது டிஃபெக்டா, அதாவது நிஜமான குறையா இல்லையா என்பது பிறகுதான். இந்தப் பாடம் கம்பெனியில் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. வீட்டில் வர நாளானது.

2. பொட்டி

பிலிம் கழுவிக் கழுவி அதன்மேல் ஒரு ஆசை வந்துவிட்டது. தேதி முடிந்து ஸ்கிராப்புக்கு ஒதுக்கிய பிலிம் பெட்டி ஒன்றை இன்சார்ஜிடம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைப் போட்டுப் படம் எடுக்க ஒரு பெரிய கேமரா செய்தேன். உடம்பு, பேக்கிங் பெட்டியில் மிஞ்சிய பிளைவுட். மடிப்பு மடிப்பாக நீளும் துருத்தி, ஆட்டோ சீட் தைக்கிற கடையில் வாங்கிய கறுப்பு ரெக்ஸின். லென்ஸ், பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து கழற்றியது. பின்பக்கக் கண்ணாடியை வால்வு தேய்க்கிற பேஸ்ட் போட்டு மங்கலாக்கினேன். ஷட்டர் கிடையாது. ஊறுகாய் பாட்டில் மூடியை லென்ஸிலிருந்து எடுத்து, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூடினால் படம்.

மஞ்சுநாத் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "போன்ல ஒரு தட்டுத் தட்டினா முடியிற வேலைக்கு இவ்ளோவா குரு?"

"போன்ல கழுவ முடியாதுல்ல."

"அதுவும் சரிதான். உனக்குக் கழுவலைன்னா தூக்கம் வராது."

வீட்டில் அம்மா அதற்குப் 'பொட்டி' என்று பெயர் வைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். டிப்ளமோ வாங்கியபோது எடுத்த என் போட்டோவைச் சுவரில் மாட்டியிருந்தோம். அதற்குப் பக்கத்தில் அம்மாவை மாட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்.

"உசுரோட இருக்கறப்பவே செவுத்துல மாட்டப் போறியா? ஆதார் கார்டுல இருக்கற மூஞ்சி போதும் போ."

ஒரு வெள்ளிக்கிழமை அதுவாகவே, "பொட்டிய எடு" என்றது. தலைக்கு ஊற்றி, முகம் முழுக்க மஞ்சள் பூசி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பீரோவிலிருந்த நீலப் புடவை. லைன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

"மூச்சு விடலாமா சாமி?"

"விடும்மா. ஆடாத, அவ்ளோதான்."

வீட்டுப் பாத்ரூம்தான் என் இருட்டறை. சிவப்பு பல்பு, மூன்று பிளாஸ்டிக் தட்டு. பிலிமைக் கழுவி, காயவைத்து, பேப்பர்மேல் வைத்துப் பிரிண்ட் போட்டு முடிக்கும்வரை அம்மா கதவுக்கு வெளியிலேயே நின்றது. "வந்துட்டேனா? வந்துட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஈரத்தோடு கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அப்போதுதான் நானும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன்.

முகம் கரி. நீலப் புடவை வெள்ளை வெளேரென்று இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை.

அம்மா முந்தானையால் படத்தின் நெற்றியைத் துடைத்துப் பார்த்தது. அழுக்கு ஏதாவது மறைத்திருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய் அப்பாவுக்குப் போன் போட்டது. அப்பாவுக்கு பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் வேலை. அங்கேயே தங்கல்.

"சாப்ட்டியா? ... இன்னிக்கு வெடி வெச்சாங்களா? ... ஒண்ணுமில்ல, சும்மாதான். தள்ளி நில்லு."

வெள்ளைப் புடவை, பொட்டில்லாத நெற்றி. அது எதைப் பார்த்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

3. அட்டை

மறுநாள் ஷிப்டில் மஞ்சுநாத்திடம் சொன்னேன். இருட்டறையில் பிலிம் மாட்டிய ஹேங்கரை டெவலப்பரில் முக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"குரு, நம்ம தலைக்கு மேல என்ன எரியுது?"

"சிவப்பு லைட்டு."

"ஏன் சிவப்பு?"

பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் அந்த வெளிச்சத்தில் பயமில்லாமல் வேலை செய்கிறோம். தினமும் அதன் அடியில் நிற்கிற நான், அம்மாவின் குங்குமத்தை நினைக்கவில்லை. மஞ்சளும் அதற்குத் தெரியாது. தெரியாத நிறமெல்லாம் பிரிண்டில் கறுப்பாக விழும். நீலம் மட்டும்தான் கண் கூசத் தெரியும். மஞ்சள் பூசிய முகம் கறுப்பாகி, அந்தக் கறுப்பில் பொட்டு கலந்துவிட்டது. நீலம் வெள்ளையாகிவிட்டது.

காஸ்டிங்கைப் படம் எடுக்கும்போது, பிலிமில் எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் பெனட்ராமீட்டர் என்று ஒரு சின்னத் தகடு வைப்போம். அது மாதிரி ஒன்று செய்தேன். வெள்ளை அட்டையில் மஞ்சள் ஒரு பொட்டு, குங்குமம் ஒரு பொட்டு, நீலத் துணி ஒரு துண்டு, பச்சை ஒரு துண்டு. அதைப் பொட்டியில் எடுத்து, அட்டையையும் படத்தையும் அம்மாவுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"பாரும்மா, மஞ்சளும் குங்குமமும் ஒரே கறுப்பு. நீலம் வெள்ளை. பிலிமோட கண்ணு அப்பிடி."

நிதானமாகப் பார்த்தது. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டது.

"புரியுது சாமி. நீ படிச்சவன், சரியாத்தான் சொல்லுவ. ஆனா நான் அதைப் பாத்துட்டனே."

அன்றைக்கும் அப்பாவுக்குப் போன் போனது. அதற்குப் பிறகு தினமும் போனது.

4. டீ டைம்

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா வாசலில் நின்றார். முடியெல்லாம் கல் தூசி. முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"என்னாடா ஆச்சு உங்கம்மாவுக்கு? தினம் போன் போட்டு சாப்ட்டியா சாப்ட்டியான்றா. கல்யாணமான நாள்லேருந்து இப்பிடிக் கேட்டதில்ல. உடம்பு கிடம்பு சரியில்லியோன்னு ஓடியாந்தேன்."

அம்மா வேலைக்குப் போயிருந்தது. பாகலூர் ரோட்டில் ரோஜாப் பண்ணை. பூவைத் தரம் பிரித்துக் கட்டுகிற ஷெட். பிப்ரவரி சீசனில் ஞாயிறு லீவு கிடையாது. அப்பாவிடம் கவிழ்த்து வைத்த படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"பொட்டிய எடு. அவ பக்கத்துல நான் நிக்கறேன். அப்ப என்னா சொல்லுது உன் பிலிமு பாக்கலாம்."

பைக்கில் அவர் மடியில் கேமரா. ஷெட்டில் பெண்களெல்லாம் வேலையை விட்டுப் பார்த்தார்கள்.

"ஏய், மாப்ள வந்துட்டாரு, வெக்கப்படு!" என்று யாரோ கத்த, அம்மா கையிலிருந்த பூவோடு திகைத்து நின்றது.

"என்னாத்துக்கு வந்த? வேலை போயிடுச்சா?"

"சாப்ட்டேன்னு நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சூப்பர்வைசர் ஜெயம்மா அக்காவிடம் அனுமதி கேட்டேன். "டீ டைம்ல எடுத்துக்கோ. பூவ மட்டும் யாரும் தொடாதீங்க."

அங்கே போனதும்தான் ஒன்றைக் கவனித்தேன். வேலை நாளில் அம்மா மஞ்சள் பூசுவதில்லை. வெள்ளை ரோஜாவில் மஞ்சள் கறை பட்டால் பெட்டியே திரும்பி வந்துவிடும் என்று ஷெட்டில் பூச விடமாட்டார்கள். கழுவிய முகம், அதில் சின்னதாகக் குங்குமம். புடவைமேல் ஷெட்டில் கொடுத்த பச்சைக் கோட்டு. பச்சை, நீலம் மாதிரி வெள்ளையாகாமல் கறுத்துத்தான் விழும் என்று அட்டை ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஷெட்டை ஒட்டிய பசுமைக் குடிலின் வெள்ளை ஷீட் வழியாக வெயில் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் நான் பார்க்கிற முகம் அதுதான். அதை எடுக்கத்தான் தோன்றாமல் போயிருக்கிறது.

இரண்டு பேரையும் குடில் வாசலில் நிறுத்தினேன். அம்மா கையிலிருந்த பூக்கட்டோடேயே நின்றது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், அம்மாவும் அப்பாவும் கண்ணாடியில் தலைகீழாக நின்றார்கள். பிலிமைச் செருகி மூடியை எடுத்தேன்.

"ஆடாதீங்க."

5. ரிப்போர்ட்

இந்தத் தடவை பாத்ரூம் கதவுக்கு வெளியே இரண்டு பேர். அம்மா "வந்துட்டேனா?" என்று கேட்கவில்லை. ஈரப் படத்தை வாங்கியதும் நேராக நெற்றியைத்தான் பார்த்தது. பொட்டு இருந்தது. மாநிறத்தில் தெளிவாக, கறுப்பாக, வட்டமாக இருந்தது. அதன்மேல் விரலை வைத்து எடுத்தது. அப்புறம்தான் மூச்சு விட்டது.

கொஞ்ச நேரத்தில் குரல் மாறிவிட்டது.

"அய்யய்யோ, நான் கையில வெச்சிருக்கற கட்டப் பாரு. ஒரு தண்டு வளைஞ்சிருக்கு, அதையும் சேத்துக் கட்டியிருக்கேன். ஜெயம்மாகிட்ட இதக் காட்டிடாத."

"சரிம்மா."

"உங்கப்பா மூஞ்சி ஏன் இப்பிடிக் கலங்கலா இருக்கு?"

"மூடியை எடுத்தப்புறம் உன்னைத் திரும்பிப் பாத்துட்டாரும்மா. ஆடாதீங்கன்னு சொன்னேன்ல."

அப்பா செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலுக்குப் போய்விட்டார். அம்மா படத்தைக் கீழே வைக்கவே இல்லை.

படத்தை மஞ்சுநாத்திடம் காட்டினேன். வியூயரில் பிலிம் படிக்கிற முகத்தோடு பார்த்தான். "அம்மா சூப்பர். அப்பாகிட்ட மூவ்மென்ட் இருக்கு. ரூல்படி ரீடேக் குரு."

ரூல் எனக்கும் தெரியும். ஆனாலும் பிரேம் போடுவதற்கு முன்னால் படத்தின் பின்பக்கம் பென்சிலால், கம்பெனி ரிப்போர்ட்டில் எழுதுகிற மாதிரியே எழுதினேன்:

இண்டிகேஷன்: மூவ்மென்ட். டிஃபெக்ட் இல்லை. அக்செப்ட்.