தூரத்தில் நின்ற ஆள்

சன்னாசி அண்ணனை ஈப்போவில் 'சிஐடி' என்றால்தான் தெரியும். தனியார் துப்பறியும் அலுவலகம் ஒன்றில் பல வருடம் இருந்தவர். பெரிய வேலை ஒன்றுமில்லை, அடுத்தவன் பெண்டாட்டி பின்னால் மோட்டார் சைக்கிளில் போவதுதான். இப்படிக் கிண்டல் செய்தால் முன்பெல்லாம் அவரும் சேர்ந்து சிரிப்பார். இப்போது பேரங்காடி வாசலில் காவலாளியாக நிற்கிறார். அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தினேஸ்வரி விஷயத்தோடு அந்தப் பிழைப்பையே விட்டுவிட்டார்.

பக்கத்து ஊரான லகாட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் கார்த்திகேசுதான் அவரைத் தேடி வந்தவன். தினேஸ்வரி அவன் மனைவி.

"சனிக்கிழமையானா தங்கச்சி வீட்டுக்குன்னு கிளம்பிடுறா அண்ணே. கேட்டா, தங்கச்சி அவ வரவே இல்லங்குது. யாரப் பாக்கப் போறான்னு தெரிஞ்சா போதும்லா."

அவள் போனது ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்கு. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்டு வெகுகாலமாகிறது. மோட்டாரைச் செம்மண் சாலையில் நிறுத்திவிட்டு மரங்களுக்குள் போவாள். அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் தூரத்திலேயே நின்று, எவன் வருகிறான் என்று பார்ப்பார். சனிக்கிழமைகள் போயின, ஈ காக்கைகூட வரவில்லை. ஒருநாள் அவள் கிளம்பிய பிறகு உள்ளே போனார். தோட்டத்து இடுகாடு அது. புல் செதுக்கிய சின்ன மேடு. சிமெண்டில் ஒரு பையன் பெயர், அப்பா பெயர் கார்த்திகேசு. மேட்டின் மேல் மைலோ பானப் பெட்டி ஒன்று, உறிஞ்சுகுழாய் குத்தி வைத்திருந்தது.

நேராகப் பட்டறைக்குப் போனார்.

"பாவி, அது உம் புள்ளையப் பாக்கப் போவுதுடா."

கார்த்திகேசு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். காய்ச்சலில் போன பிள்ளை. புதைத்த நாளோடு அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை; வீட்டில் பிள்ளையின் பெயரைச் சொல்லவும் விடவில்லை.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்க போவேன்? நீங்களே அவகிட்ட சொல்லுங்கண்ணே, இனிமே ஒளிஞ்சு போக வேணாம்னு."

அண்ணனுக்கு மனசு இளகிவிட்டது. நல்ல சேதிதானே என்று அடுத்த சனிக்கிழமை இடுகாட்டுக்குப் போனார். இந்தத் தடவை ஒளியாமல் அவளை நோக்கி நடந்தார். அவரைக் கண்டதும் தினேஸ்வரி அவசரமாக எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மேட்டுக்குப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து நின்றாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்தச் சிரிப்பு செத்தது.

"நீங்க யாரு?"

யார் அனுப்பியது, எதற்கு என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

"அவருதான் தூரத்துல வந்து நிக்கிறாருன்னு நெனச்சேன் அண்ணே. அதே மாதிரி மோட்டாரு. கிட்ட வர வெக்கப்படுறாரு, தானா வரட்டும்னு கூப்பிடாம இருந்தேன்," என்றாள். "அப்பா வந்திருக்காருடான்னு புள்ளகிட்டயும் சொல்லிட்டேன்."