பொத்தான் இல்லாத தளம்

நம் வீட்டு டிவியில் போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாம் திறக்கிற பக்கத்தில் எங்கே போனாலும் கீழ் மூலையில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ‘தரை’, இன்னொன்று ‘நிறுத்து’. தரை எப்படி வந்தது என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். நிறுத்து எதற்கு என்று பெரியவள் கேட்டபோது, “இருக்கட்டுமே” என்று சொல்லி முடித்துவிட்டேன். அது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதியை எழுதி வைக்கிறேன். நான் ஐ.டி.ஐ. வரைக்கும் படித்தவன், தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

ஊரில் எத்தனையோ கட்டடத்துக்கு லிப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். ஆனால் நாம் வாடகைக்கு இருப்பது ஜோகுபாளையத்தில் லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி. கால் உடைந்து மாவுக்கட்டோடு என்னை நாற்காலியில் வைத்து மேலே தூக்கி வந்தார்கள். அதற்கப்புறம் இரண்டரை மாதம் நான் தெருவைப் பார்க்கவில்லை. காலையில் அம்மா கார்மெண்ட்ஸ் வேலைக்கும் நீங்கள் இரண்டு பேரும் காலேஜுக்கும் போய்விடுவீர்கள். கட்டிலுக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொடலாம். வெயில் அந்தச் சுவரில் எந்தச் செங்கல் வரை வந்தால் எத்தனை மணி என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அப்போதுதான் பெரியவள் பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைச் செய்திருந்தாள். நாலு பேர் போனில் இருக்கிற எல்லாமும், வீட்டு வைஃபைக்குள் வந்ததும் தானாக அதில் போய்ச் சேரும். டிவியில் பார்க்கலாம். வருடம் வருடமாக அடுக்கியிருந்தாள். அம்மாவுக்குச் சின்னவனின் காதுகுத்து வீடியோ வேண்டும். எந்த வருடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? “ஈஜிபுரா வீட்ல இருக்கும்போது” என்றுதான் தெரியும். ஒவ்வொரு வருடமாக உள்ளே போனாள். ஓரிடத்தில் ரிமோட்டை எப்படி அழுத்தினாலும் திரையில் இடமும் வலமும்தான் நகர்ந்தது, வெளியே வர வழியில்லை. முக்கால் மணி நேரம் அழுத்திப் பார்த்துவிட்டு, எழுந்து போய் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

“நீ சும்மாதானே இருக்கே, வழிய நீ போட்டுக் குடுப்பா” என்று பெரியவள் ஒரு நோட்டை என் கையில் கொடுத்தாள்.

வருடத்தை விட்டுவிட்டு, நாம் குடியிருந்த வீடு வீடாகப் பிரித்தேன். கே.ஜி.எஃப். வீடு, ஈஜிபுரா வீடு, அல்சூர் வீடு, இந்த வீடு. நம் வீட்டில் யாருக்குமே காலம் அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கே.ஜி.எஃப்.பை நோட்டில் அடியில் எழுதி, இந்த வீட்டை உச்சியில் எழுதியிருந்தேன். பெரியவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஊரே மேலிருந்து கீழே படிக்கிறது, நீ ஒருத்தன்தான் கீழிருந்து மேலே படிக்கிறாய் என்றாள். லிப்டில் தரைத்தளம் உச்சியிலா இருக்கும் என்று நான் கேட்டேன். அம்மாவும் என் பக்கம் சேர்ந்ததால் அப்படியே நின்றது.

பெரிய சண்டை அடுத்ததில்தான்.

“முந்தின பக்கம்னு ஒரு பொத்தான் போதும்ப்பா. எல்லா சைட்லயும் அதான் இருக்கும்” என்றாள்.

“மாட்டிக்கிட்டவனுக்கு எங்கேருந்து வந்தோம்னு எதுக்கும்மா? கதவு எங்கேன்னு தெரிஞ்சா போதும்.”

“யக்கா, அப்பா அடுத்து லிப்ட்ல இருக்கற ஃபேன் பொத்தானும் கேப்பாரு, இப்பவே வெச்சுடு” என்றான் சின்னவன்.

தரை அப்படி வந்தது, எங்கிருந்து அழுத்தினாலும் முதல் பக்கத்தில் கொண்டுவந்து விடும். இன்னொன்றும் நானே கேட்டு வாங்கினேன். பாட்டுப் போட்டுவிட்டுப் போட்டோ பார்க்கப் போனால் பாட்டு அறுந்துபோகிறது, எந்தப் பக்கம் போனாலும் அது பாட்டுக்கு ஓட வேண்டும் என்றேன். செய்து கொடுத்தாள். பகலெல்லாம் எனக்கு அதுதான் துணை.

இனி உங்களுக்குத் தெரியாதது.

கால் எப்படி உடைந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னேன். குழியில் இறங்கும்போது ஏணி வழுக்கியது, பத்து நிமிடத்தில் தூக்கிவிட்டார்கள் என்று. குழி என்பது லிப்ட் பெட்டிக்கு அடியில் இருக்கும் ஆளுயரப் பள்ளம். அன்று கூட வேலை செய்பவர் லீவு, நான் தனியாகப் போனேன். வழுக்கியது உண்மை. விழுந்ததும் மேலே கதவு தானாக மூடிக்கொண்டது. அதை உள்ளிருந்து திறக்க ஒரு கொக்கி உண்டு. நின்றால் எட்டும், படுத்திருந்தால் எட்டாது. பேஸ்மெண்டுக்கும் கீழே என்பதால் போனில் சிக்னல் இல்லை. பெட்டி என் தலைக்கு மேல் எங்கோ நின்றது. அது கீழே வராமல் இருக்க இறங்கும் முன் ஒரு சுவிட்சைப் போட வேண்டும். இருபது வருடமாகப் போடுகிற சுவிட்ச். அன்று போட்டேனா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. லிப்ட் ஓடவில்லை என்று யாரோ வாட்ச்மேனிடம் சொல்லி, அவர் வந்து பார்க்கிற வரைக்கும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்கு நடுவில், பிழைக்க மாட்டேன் என்று நினைத்து, போனில் அம்மாவுக்குப் பேசிப் பதிவு செய்தேன்.

அந்தப் பதிவும் மற்றதோடு சேர்ந்து கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது. பெரியவள் சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் வீடு வீடாக அடுக்கிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. பெயர் இல்லை, எண்கள்தான், ஒன்பது நிமிடம். அழிக்கப் போனேன். ‘அழிக்கவா?’ என்று கேட்டது. கை வரவில்லை. கேட்கவும் துணிவில்லை. கட்டுப் பிரித்ததும் வேலைக்கு வருகிறேன் என்று ஆபீசில் சொல்லியிருந்தேன். இதை அம்மா கேட்டால் அனுப்ப மாட்டாள். இருபது வருடமாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். சில கட்டடத்தில் பொத்தானே இல்லாத தளம் இருக்கும், சாவி வைத்திருப்பவன் மட்டும் போவான். அதுபோல ஒரு இடம் செய்து, அதற்குள் போட்டேன். எந்தப் பக்கத்திலிருந்தும் அங்கே வழி கிடையாது.

அந்த வாரம்தான் பெரியவள், அம்மா தன் தங்கை குழந்தையின் போட்டோவைத் தேடக் கஷ்டப்படுகிறாளே என்று, முதல் பக்கத்திலேயே ‘புதிதாக வந்தவை’ என்று ஒரு வரிசை வைத்தாள். அது பொத்தான் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. கடைசியாக எது இடம் மாறியதோ அதைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும். எனக்கு அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த நேரம். நீங்கள் இரண்டு பேரும் வெளியே போயிருந்தீர்கள். அம்மா வீடு பெருக்கியபோது என் ஊன்றுகோலை எதிர்ச் சுவரில் சாய்த்துவிட்டு, டிவி முன்னால் நின்று, ரிமோட்டால் அந்தப் புது வரிசையில் முதலில் இருந்ததை அழுத்தினாள். என் குரல் வந்தது.

நிறுத்தச் சொன்னேன். அவள் தரையை அழுத்தினாள். நாலு வீடும் திரையில் வந்து நின்றன. குரல் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பக்கம் மாறினாலும் பாட்டு ஓட வேண்டும் என்று கேட்டவன் நான்தானே.

“எங்கேங்க நிறுத்துறது?”

நிறுத்துகிற இடம் அந்தப் பதிவின் பக்கத்தில் மட்டும் இருந்தது. அதற்குத் திரும்பிப் போகிற ‘புதிதாக வந்தவை’ வரிசை நாலு வீட்டுக்கும் கீழே தள்ளிப்போயிருந்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. ரிமோட்டை வாங்க நான் எழ முடியவில்லை, காலைக் கீழே வைக்கவே முடியாது. சுவிட்ச் போட்டேனா தெரியலையே என்று அந்த ஆள் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தான். இனிமே குழியில எறங்க மாட்டேன், எறங்க மாட்டேன் என்று எத்தனை முறை சொன்னானோ. அப்புறம் பேச்சு இல்லை, மூச்சுதான். அப்புறம் அழுகை. செத்துப்போன என் அம்மாவைக் கூப்பிட்டு அழுதிருக்கிறேன். எனக்கே அது ஞாபகம் இல்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிளக் அவள் காலடியில்தான் இருந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். முன்பு பிடுங்கியவள், அன்று பிடுங்கவில்லை. நின்றபடியே கடைசி வரைக்கும் கேட்டாள்.

முடிந்ததும் ரிமோட்டைக் கட்டிலில் வைத்தாள்.

“பத்து நிமிசம்னீங்க. இதுவே ஒம்பது நிமிசம் ஓடுது.”

நான் ஒன்றேகால் மணி நேரம் என்றேன். அவள் கொடியிலிருந்த துணியை எடுத்து வந்து மடிக்க ஆரம்பித்தாள். சின்னவனின் சட்டை, என் லுங்கி, எல்லாம் மடித்து அடுக்கி முடித்தாள்.

“எறங்க மாட்டேன்னு எங்கிட்டதானே சொல்லியிருக்கீங்க. சொன்ன சொல்லு நிக்கட்டும்” என்றாள். அவ்வளவுதான்.

வேலை ஏன் மாறியது என்றால், கால் சரியாக ஊன்ற முடியவில்லை என்று உங்களிடம் சொன்னோம். ஆபீசில் போய், குழி வேண்டாம், வேறு எது கொடுத்தாலும் செய்கிறேன் என்று கேட்டேன். போன் எடுக்கிற மேஜையில் உட்கார வைத்தார்கள். லிப்டில் மாட்டியவர்கள் அழைப்பார்கள், ஆள் போய்ச் சேரும் வரை நான் பேச வேண்டும். பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று சொல்லத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதைச் சொல்வதில்லை. ஆள் எங்கே வருகிறார் என்று கேட்டு அதைச் சொல்வேன். சம்பளம் குறைவு, ஜன்னலும் கிடையாது. அந்த அறைக் கதவை நான் சாத்த விடுவதில்லை, கேட்டால் புழுக்கம் என்பேன்.

அந்த ஞாயிறு சாயந்திரமே பெரியவளிடம் எல்லாப் பக்கத்திலும் நிறுத்து வேண்டும் என்று கேட்டேன். காரணம் இதுதான்.

போன வாரம் யாரையும் கேட்காமல் நானே ஒரு பொத்தான் வைத்தேன். இந்த வீட்டுக்கும் மேலே, உச்சியில், பெயர் எதுவும் போடாமல். கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிற்கிறது, நேராக வைக்க எனக்குத் தெரியவில்லை. அந்த ஒன்பது நிமிடம் அதற்குள் இருக்கிறது, நான் வீட்டில் இல்லாதபோது கேளுங்கள். பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் கீழ் மூலையைப் பாருங்கள்.