பருந்துக்குப் பழகிப்போன ஆள்

அவர் வாயைத் திறந்தால்தான் காய்கறிச் சந்தைக்கே பொழுது விடியும் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் ஏலக்காரர்தான். பெற்ற மகனே ஆத்திரம் வந்தால் "ஏலக்காரர் என்ன சொல்றாரு?" என்றுதான் கேட்பான். ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. தக்காளிக் குவியலுக்கும் முட்டைக்கோஸ் குவியலுக்கும் நடுவில் நடந்துகொண்டே விலையை ஏற்றுவார். ஒரே இடத்தில் நின்று கூவுகிறவனின் முகத்தை வியாபாரிகள் படித்துவிடுவார்கள், அப்புறம் அவனுக்கு மூக்கணாங்கயிறு போட்டுவிடுவார்கள் என்பது அவருடைய கட்சி.

வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் அடங்காது. மருமகள் வந்த புதிதில் அவள் சமையலை விருந்தாளிகள் முன்னால் ஏலம் விட்டார். "ஆரம்ப விலை கேக்கக்கூட ஆள் இல்லையேப்பா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள். உழைக்காத ஆளை அவருக்குக் கண்டாலே ஆகாது. கால் ஒடிந்து வந்து தங்கியிருந்த சொந்தத் தம்பியையே 'குந்தித் தின்கிறவன்' என்று முகத்துக்கு நேரே சொன்னார். தம்பி அதோடு இந்த வாசற்படியை மிதிக்கவில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு அவர்மேல் பரிதாபப்படச் சொல்வது நியாயமில்லை.

பக்கவாதம் வந்தபோது வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. மிஞ்சியது இடது கையும், கொஞ்சம் அசைகிற இடது காலும், துளியும் மழுங்காத மூளையும்தான். அதுவும் சேர்ந்து போயிருந்தால் தேவலை என்று அவர் நினைத்த நாட்கள் உண்டு.

கடைசி அறையில் கட்டிலைப் போட்டார்கள். படுத்தால் எதிரில் சுவர். ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். சக்கர நாற்காலி வாங்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். மகன் "பாக்கலாம்" என்றான். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். மர நாற்காலியில் உட்கார வைத்து வெளியே தூக்கிப் போக இரண்டு பேர் வேண்டும். வேன் ஓட்டுகிற மகனுக்கு இடுப்பு வலி. மருமகளுக்குச் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி பிடித்து ஓய்ந்த தோள். ஆக, வெயில் முகத்தில் படுவது எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

அவரை வெளியே கொண்டுவந்தது மகனும் இல்லை, டாக்டரும் இல்லை. பருந்துதான்.

மருமகள் கொல்லையில் கோழி வளர்த்தாள். யாரையும் கேட்காமல் அவள் தன் இஷ்டத்துக்குச் செய்கிற ஒரே காரியம் அது. அடைக்கோழி குஞ்சு பொரித்ததுதான் தாமதம், பருந்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வந்து வந்து தூக்கியது. வலை கட்டிப் பார்த்தாள். கொய்யா மரத்துக் கிளையில் மாட்டிக் கிழிந்தது. மினுமினுக்கிற பழைய சிடிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டாள். கொஞ்ச நாள் மிரண்ட பருந்து, பிறகு அந்தக் கயிறு கட்டிய கம்பத்திலேயே வந்து உட்கார்ந்தது. கூண்டிலேயே அடைத்து வைத்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டன.

"ஆள் யாராவது உக்காந்திருந்தா அது கிட்ட வராதுங்க," என்றாள் புருஷனிடம். "நாம ரெண்டு பேருமே வேலைக்குப் போயிடறோம்."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் ஒன்றாகக் கடைசி அறைப் பக்கம் திரும்பினார்கள்.

மறுநாள் காலை இடுப்பு வலியும் தோள் வலியும் எங்கே போயினவோ தெரியாது. நாற்காலியோடு அவரைத் தூக்கிக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். முன்னால் ஒரு தகர டின். இடது கையில் ஒரு கம்பு.

"மாமா, பருந்து வந்தா இதைத் தட்டுங்க. தட்டாட்டாலும் பரவால்ல, சும்மா உக்காந்திருந்தாலே போதும்," என்றாள் மருமகள்.

தனக்கு எப்பேர்ப்பட்ட உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்று அவருக்குப் புரியாமல் இல்லை. கம்பைக் கீழே போட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி போட்டார். அவள் மறுபடி எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அப்புறம் அவர் தலையை நிமிர்த்தினார். வானம் இருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் துணி காய்ந்தது, எங்கோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது, யாரோ யாரையோ திட்டினார்கள். மதிலுக்கு அப்பால் போன பழைய சந்தை ஆள் ஒருவன் எட்டிப் பார்த்து, "என்ன ஏலக்காரரே, வெயில் காயறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இதெல்லாம் ஒரு சுகமா என்று கேட்பவர்கள் அந்தக் கடைசி அறையில் கொஞ்ச நாள் கிடந்து பார்க்க வேண்டும். செத்துப்போன வலது கால் விரலைப் புழு என்று நினைத்து ஒரு குஞ்சு கொத்தியது. வலிக்கவில்லை. சிரிப்பு வந்தது. அது முகத்தில் தெரியாததால் யாருக்கும் தெரியவில்லை.

கம்பைப் பிறகு அவர் கீழே போடவில்லை. மேலே பருந்து வட்டமடித்தால் டின்னைத் தட்டுவார். தாய்க்கோழி குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடி அதன் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும்.

"எங்க மாமா உக்காந்ததுல இருந்து பருந்து இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கலை," என்று மருமகள் பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்தாள். அன்றைக்கு அவருக்கு அவித்த முட்டை கிடைத்தது. வாயோரம் வழிந்ததை அவளே துடைத்துவிட்டாள். அவருக்குக் கண் கலங்கியது. கூடவே பயமும் வந்தது. குஞ்சு குறையாதவரைக்கும்தான் கொல்லை. குறைந்தால் மறுபடியும் அந்தச் சுவர்தான்.

பருந்து சும்மா இருக்குமா? தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. சில நாள் போனதும் மதிலுக்கு வந்தது. பிறகு சிடி கட்டிய கம்பத்துக்கு. டின் சத்தத்துக்கு முதலில் பறந்தது, அப்புறம் இறக்கையை மட்டும் அடித்துக்கொண்டது, அப்புறம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்குச் சுரீர் என்றது. சந்தையில் பழகிய பார்வை அது. முகத்தைப் படிக்கிற பார்வை. எந்நேரமும் அதே கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே டின்னைத் தட்டுகிற இந்த ஆள் எழுந்து வரப்போவதில்லை என்று கணக்குப் போடுகிறது. செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய காரியமில்லை. அவர் உட்காரும் இடத்தை மாற்ற வேண்டும். இன்று மரத்தடி, நாளை கூண்டோரம், அடுத்த நாள் கதவுப் பக்கம். அவ்வளவுதான்.

அதைச் சொல்ல வாய் வேண்டுமே.

மருமகள் வந்ததும் கம்பை நீட்டிக் கொய்யா மரத்தைக் காட்டினார். "பழம் வேணுமா மாமா?" என்று பறித்து, மசித்து, ஸ்பூனோடு கொண்டுவந்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு இடது காலால் நாற்காலியை உந்தினார். "ஐயையோ, அவசரமா வருதா?" என்று வாளியை எடுக்க ஓடினாள். தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தியதில் 'ஊ' என்று ஒரு சத்தம்தான் வந்தது. மகன் வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தான்.

"மரத்தைக் காட்டறாருன்னா நிழல் கேக்கறாரு. வெயில் தாங்கலை பாவம்," என்றான்.

மரத்தடிவரை சுமக்க இடுப்பு இடம் கொடுக்காது. அதனால் நாற்காலியைச் சுற்றி நாலு கம்பு நட்டு, அவர் தலைக்குமேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். வேர்க்க விறுவிறுக்க, ஆசையோடு செய்தான். அதனால் அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவருக்கு வானம் தெரியாமல் போயிற்று.

அடுத்த நாள் பருந்து எந்த நேரத்தில் இறங்கியது என்றே அவருக்குத் தெரியவில்லை. தாய்க்கோழி அலறியபோது திரும்பினார். துவைக்கிற கல்மேல், கம்புக்கு எட்டும் தூரத்தில், அது உட்கார்ந்திருந்தது. அதற்கு அவசரமே இல்லை. டின்னைத் தட்டினார். அசையவில்லை. கம்பை வீசினார். அது அவருடைய முழங்காலிலேயே பட்டுக் கீழே விழுந்தது. பருந்து நிதானமாக இறங்கி, அவர் காலடியில் நின்ற குஞ்சைப் பற்றிக்கொண்டு எழும்பியது. மறுபடி வந்தது, இன்னொன்றைத் தூக்கியது. தாய்க்கோழி எகிறிப் பாய்ந்து கழுத்தில் கீறல் வாங்கிக்கொண்டது. ஒரு கோழிக்கு இருக்கிற வக்கு தனக்கு இல்லையே என்று அவர் அழுதார்.

மத்தியானம் வந்த மருமகள் எண்ணிப் பார்த்தாள். திட்டவில்லை. "என்ன மாமா இது, உங்க கண்ணு முன்னாலயே..." என்று பாதியில் நிறுத்தினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வேலை இல்லாத நாளில் அவள் ஒரு பொம்மை செய்தாள். சாக்கில் பழைய துணியைத் திணித்து ஒரு கம்பில் கட்டினாள், பிளாஸ்டிக் குடத்தைத் தலையாகக் கவிழ்த்தாள். பீரோவிலிருந்து அவருடைய சந்தைச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டு, குடத்தில் அவருடைய துண்டைக் கட்டினாள். "சட்டை சும்மாதானே கெடக்குது மாமா," என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள். மறுநாள் காலை அவரைத் தூக்க யாரும் வரவில்லை.

கல்லுக்குப் பக்கத்தில் நட்ட பொம்மை துணி துவைக்க இடைஞ்சலாக இருந்ததால், அதை ஒரு கையால் பிடுங்கி மரத்தடியில் நட்டாள். காற்றில் சாய்ந்ததும் கூண்டோரம் கொண்டுபோய் வைத்தாள். அவளும் மண்டு இல்லை, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். "ஏங்க, எடத்தை மாத்தி மாத்தி வச்சா அது கிட்டயே வரமாட்டேங்குது!" என்று அவள் கூவியது கடைசி அறைவரைக்கும் கேட்டது. அவர் கட்டிலில் கிடந்தபடி ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

மதிலுக்கு அப்பாலிருந்து "என்ன ஏலக்காரரே, எடம் மாறிட்டீங்க?" என்று யாரோ விசாரிப்பதும் கேட்டது. பொம்மை பதில் சொல்லவில்லை. அவர் மட்டும் என்றைக்குப் பதில் சொன்னார்? கேட்டவன் வித்தியாசம் தெரியாமலே போய்விட்டான்.

ஒரு சாயங்காலம் மகனுக்கு மனசு கேட்கவில்லை. "அப்பாவையும் பகல்ல கொஞ்ச நேரம் கொல்லையில வைக்கலாமா? உள்ளயே கெடந்தா மூச்சு முட்டும்," என்றான்.

அறையில் கிடந்தவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் காது கொடுத்தார்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாங்க?" மருமகளின் குரலில் பொய் இல்லை. "ஆனா பருந்துக்கு மாமாவை நல்லாத் தெரிஞ்சு போச்சு. பொம்மையும் பாக்க அச்சு அசல் அவர்தான். அவரைக் கொண்டுபோய்ப் பக்கத்துல வச்சா, இதுவும் அவரை மாதிரி எந்திரிக்காத ஆளுதான்னு அது கண்டுபிடிச்சிடும். அப்புறம் பொம்மையும் வீணாப் போயிடும்."

"அதுவும் சரிதான்," என்றான் மகன். அவன் வருத்தத்தோடுதான் சொன்னான், ஆனால் இடுப்புக்கு நிம்மதி.

சுவரைப் பார்த்தபடி அவர் அந்தப் பேச்சை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். எங்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று தேடினார். கிடைக்கவில்லை. அவள் இடத்தில் அவர் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார், இன்னும் சத்தமாக.