தானாக அணைந்த பல்பு

டார்ச், எல்.இ.டி. விளக்கு என்றால் எனக்குப் பைத்தியம். காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் விளக்குகளை எல்லாம் நானேதான் மாட்டுவேன். அப்பச்சி, அதாவது என் தந்தை, லைட்டை அணைக்க மறந்துவிடுகிறார் என்று பின்கட்டு பாத்ரூமில் சென்சார் பல்பு போட்டேன். ஆள் நடமாடினால் எரியும், அசைவில்லாவிட்டால் அணைந்துவிடும்.

ஒருநாள் பொழுது சாய்ந்த நேரம், அப்பச்சியைக் காணவில்லை.

"பாத்ரூம்ல பாத்தியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அங்குட்டு லைட்டே எரியலையே. எங்குட்டுப் போனாகளோ, கோயில் பக்கம் பாருங்க."

இருப்பதிலேயே பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். கோயிலில் இல்லை. ஊருணிக் கரைச் சேற்றில் இறங்கி, தண்ணீரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். அடுத்து எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

வீடு திரும்பி, சேற்றுக் காலைக் கழுவ பாத்ரூம் கதவைத் தள்ளினேன். பல்பு தானாகப் பளிச்சென்று எரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அப்பச்சி விழுந்து கிடந்தார்.

"நீ டார்ச்சோட போனது ஜன்னல்ல தெரிஞ்சுச்சுப்பா," என்றார் ஈனக்குரலில். "கூப்பிட்டேன், சத்தம் வரல. லைட்டாச்சும் எரியட்டும்னு கைய ஆட்டிக்கிட்டே கெடந்தேன்."

தொட்டி மறைத்ததால் அந்தக் கை சென்சாருக்குத் தெரியவில்லை.

இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து இப்போது மெதுவாக நடக்கிறார். சென்சாரைக் கழற்றிவிட்டுச் சாதாரண சுவிட்ச் போட்டுவிட்டேன். அப்பச்சி இன்னமும் அணைக்க மறக்கிறார். நானும் அணைப்பதில்லை. வெளிச்சம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கதவைத் திறந்து தொட்டி ஓரம் வரை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.