தையல் புடைத்த பந்து

கார்க் பந்து என்று ஒன்று இருந்தது. இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். தக்கையை அரைத்து, எதையோ சேர்த்து இறுக்கி, மேலே சிவப்புச் சாயம் பூசிய உருண்டை. நடுவில் தையல் கிடையாது. தையல் மாதிரி ஒரு கோடு அச்சில் வந்திருக்கும், நாலு நாள் ஆடினால் அதுவும் தேய்ந்துவிடும். அட்டனில் நாங்கள் படித்த கல்லூரியில் ஐம்பதுகளின் நடுப்பகுதி வரைக்கும் அதில்தான் கிரிக்கட் ஆடினோம். கல்லூரி என்றதும் பெரிய படிப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் நாட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற இடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர்.

அந்தப் பந்துக்குச் சூதுவாது தெரியாது. ஆடுகளத்தில் விரித்த தென்னந்தும்பு விரிப்பில் குத்தினால் நெஞ்சு உயரத்துக்கு எழும்பும், நேராக வரும். மழையில் நனைந்தால் சட்டையில் துடைத்துவிட்டு ஆட வேண்டியதுதான். எங்கள் ஊர் மழைக்கும் பனிக்கும் அதுதான் தோது. ஆனால் பந்து போடுகிறவனுக்கு அதில் ஒரு பிழைப்பும் இல்லை. நான் பந்து போடுகிறவன். ஓடி ஓடிப் போடுவேன், அடிக்கிறவன் நின்ற இடத்தில் நின்று அடிப்பான், நானே போய்ப் பற்றைப் புதருக்குள் பந்தைத் தேடுவேன். வருசம் முழுக்கப் போட்டு எத்தனை பேரை ஆட்டமிழக்கச் செய்தாய் என்று கேட்டால் வெட்கக்கேடு.

அடிக்கிறவன் என் மச்சான். சொந்த மச்சான் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டை லயம் என்போம். எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா அவர்களுடையது. ஒரே சுவர்தான் நடுவில். அவன் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட்டேன், அதனால் அவன் மச்சான். தகப்பன் இல்லாத வீடு. அத்தை கொழுந்து பறித்தே அவனை எஸ்.எஸ்.சி. வரை கொண்டுவந்தார். தோட்டத்திலிருந்து அந்த வகுப்புக்குப் போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு அத்தை ஓடும்போது நாங்கள் புத்தகத்தோடு ரோட்டில் இறங்குவோம். மற்றப் பிள்ளைகள் எங்களை "ஐயாமாரு போறாங்கடோய்" என்று கத்தும்.

சும்மா சொல்லக் கூடாது, அவன் அடித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பந்து குத்துவதற்கு முன்பே முன்காலை வைத்துத் தலையை நீட்டி, அது எழும்பி வரப்போகிற உயரத்தில் மட்டையோடு காத்திருப்பான். கார்க் பந்து எழும்பும் உயரம் அவன் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிப்பான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஒருநாள் எங்கள் தோட்டத்துத் துரை கல்லூரி மைதானத்தில் காரை நிறுத்தி அவன் ஆடுவதைப் பார்த்தார். துரைக்கு கிரிக்கட் என்றால் பைத்தியம். அடுத்த வாரம் அவனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நம்ம தொரமாரு டீமுக்கும் ஒங்க காலேஜுக்கும் மேச் வருது. நீ நல்லா அடி. பரீட்சை முடிஞ்சதும் ஆபீஸ்ல கிளாக்கர் வேலைக்கு எடுக்கிறேன்" என்றாராம்.

இதில் என்ன பெரிய விசயம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் நிலைமை தெரியாது. சுதந்திரம் வந்த கையோடு எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போட்டால் முதல் கேள்வியே நீ எந்த நாட்டுக்காரன் என்பதுதான். எஸ்.எஸ்.சி. படித்தும் மம்பட்டியோடு மலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். மிச்சமிருந்த ஒரே வாசல் தோட்டத்து ஆபீஸ். அதிலும் லயத்துப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்ததாக எங்கள் தோட்டத்தில் அதுவரை கதைகூட இல்லை. அத்தை அந்தச் செய்தியைக் கேட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். "நாளைக்கே நாஞ் செத்தாலும் பரவாயில்ல சாமி" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பந்து மாறியது. கண்டிப் பக்கத்துக் கல்லூரிகள் கார்க் பந்தில் ஆட மாட்டோம் என்று சொல்லிவிட்டன. புதிதாக வந்த விளையாட்டு மாஸ்டர் தோல் பந்துகளை வாங்கிவந்தார். நல்ல சிவப்பு, முகம் பார்க்கலாம் போல மினுக்கம், நடுவில் வெள்ளை நூலால் வரிசை வரிசையாகத் தையல். கையில் வாங்கிப் பெருவிரலால் அந்தத் தையலைத் தடவினேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒரே மாதத்தில் எல்லாம் தலைகீழ். தையல் தரையில் பட்டால் பந்து உள்ளே வரும், அல்லது வெளியே போகும். எங்கே போகும் என்று போட்ட எனக்கே தெரியாது, அடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? சில பந்து காற்றிலேயே வளைந்தது. முன்பெல்லாம் நூறைத் தாண்டி அடித்த எங்கள் அணி நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் சுருண்டது. எதிராளியும் அப்படித்தான் சுருண்டான், சுருட்டியவன் நான். ஒருத்தரும் சீண்டாத என்னை ரோட்டில் போகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மச்சானோ மூன்று ஆட்டத்தில் மொத்தமாகப் பத்து ஓட்டம் எடுக்கவில்லை. காலை முன்னால் வைத்து, தலையை நீட்டி, பழைய உயரத்திலேயே காத்திருந்தான். பந்து அங்கே வரவில்லை.

"மச்சான், எனக்குத் தோல் பந்துல போட்டுப் பழக்குடா. தொரை மேச்சுக்கு ரெண்டே வாரம்தான் இருக்கு" என்று என்னிடம் வந்தான். மாஸ்டரிடம் கெஞ்சிப் பழைய பந்து ஒன்றை வாங்கிக்கொண்டோம். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். பெரட்டுக் களத்தில் சாக்குகளை விரித்துத் தினமும் பின்னேரம் போட்டேன். அந்தப் பந்து அடிபட்டு மெத்தென்று இருந்தது, தையலும் படிந்திருந்தது. ஒரு வாரத்தில் அவன் பிடித்துக்கொண்டான். அடிக்கத் தொடங்கிவிட்டான். என்னைத்தான் அடித்தான்.

"என்னடா இது, ஒம் பந்த எங்க அம்மாவே கொழுந்துக் கூடையோட நின்னு அடிக்கும்" என்று சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். விளையாட்டுப் பேச்சுத்தான். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் சுருக்கென்றது. கல்லூரியில் ஒரு பெயர் எடுத்து முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் பழையபடி பற்றைக்குள் பந்து தேட விட்டுவிட்டானே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் அவன் அடித்த பந்து வாய்க்கால் கானில் விழுந்து தண்ணீரோடு போய்விட்டது. கால் மைல் ஓடிப் பிடித்தோம். தேத்தண்ணீரில் ஊறிய பணிஸ் மாதிரி பொதபொதவென்று இருந்தது. கார்க் பந்தாக இருந்தால் துடைத்துவிட்டு ஆடியிருப்போம். தோல் பந்து நனைந்தால் என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் அதை ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே தேயிலை காய வைக்கிற மெசினில் என் அப்பாவுக்கு வேலை. இலையைத் தொட்டுப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பந்தை வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

"வருசக் கணக்கா கொழுந்தக் காய வைக்கிறவன்டா நானு. இந்தப் பந்தக் காய வைக்கத் தெரியாதா எனக்கு?" என்றார். தட்டின் ஓரத்தில், இலை வராத இடமாகப் பார்த்துச் சூட்டுக் காற்றில் வைத்தார். "வெளிய மூச்சு விட்றாத. தேயில தோல் வாட புடிக்கும். டீமேக்கர் ஐயா கண்டாருன்னா என்னயச் சீட்டுக் கிழிச்சு அனுப்பிருவாரு."

ஈரமான எதையும் சூட்டில் வைத்தால் சரியாகிவிடும் என்பதுதான் எங்கள் தொழில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. தோல் அப்படிப்பட்ட சாமான் இல்லை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஞாயிறு காலையில் அப்பா பந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுத்துப்போயிருந்தது. தோல் சுருங்கி இறுகிக் கருங்கல் மாதிரி கனத்தது. தையல் மட்டும் சுருங்கவில்லை. ஆறின வெட்டுக் காயத்தின் தழும்பு போல மேலே புடைத்துக்கொண்டு நின்றது.

இதை இத்தனை வருசம் யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தையலைத் தொட்டதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. இன்றைக்கு அடிடா பார்க்கலாம் என்று மனசுக்குள் சொன்னேன்.

மச்சான் பந்தை வாங்கி நகத்தால் தட்டினான். "என்னடா, கல்லாட்டம் இருக்கு?"

"காஞ்சிருச்சில்ல. புதுசு மாதிரி ஆயிருச்சு" என்றேன்.

அவன் நம்பினான். நான் சொன்னால் நம்புவான். முதல் நாலைந்து பந்தை மெதுவாகத்தான் போட்டேன். அதற்கே ஒன்று விர்ரென்று எழும்பித் தோளை உரசிப் போனது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவன் தோளைத் தேய்த்துக்கொண்டு, "இன்னும் வேகமாப் போடுடா. தொரமாருங்க என்ன, பூவா போடுவானுங்க?" என்றான். நான் ஸ்டோர் வாசல் வரைக்கும் போய் அங்கிருந்து ஓடிவந்தேன். தையலை நேராக நிறுத்திப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிப் போட்டேன்.

அவன் முன்காலை வைத்தான். தலையை நீட்டினான். அவசரத்தில் உடம்பு பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. பந்து சாக்கில் தையலோடு குத்தி, நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டியது முகத்துக்கு ஏறியது. ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தான். விரல் இடுக்கால் ரத்தம் வடிந்தது.

தோட்டத்து லொறியில் அட்டனுக்கும் அங்கிருந்து கண்டிக்கும் கொண்டுபோனார்கள். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் மற்றக் கண்ணும் போய்விடும் என்றார்களாம். அத்தை திரும்பி வந்த நாளில் நான் சுவருக்கு இந்தப் பக்கம் ஒளிந்து கிடந்தேன். அவரே என்னைத் தேடி வந்தார். "நீ என்னய்யா பண்ணுவ? வெளயாட்டுல பட்டதுக்கு யாரப் பழி சொல்றது? எந்திரி, சோறு தின்னு" என்றார். என்னை நாலு அறை அறைந்திருந்தால் அப்போதே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அப்பா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோறு தின்றேன்.

அடுத்த சனிக்கிழமை துரையின் அணியோடு ஆட்டம் நடந்தது. நான் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? போனேன். மாஸ்டர் புத்தம் புதிய தோல் பந்தை என் கையில் கொடுத்தார். போட்டேன். துரைமார்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள், எங்கள் துரையின் ஸ்டம்பையும் நான்தான் பெயர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்து என் முதுகில் தட்டினார்.

"நல்ல பந்து. பாவம், அந்தப் பையனுக்கு இனி எழுத்து வேலை சரிவராது. நீ வா ஆபீசுக்கு."

"சரிங்க தொரை" என்றேன். அவ்வளவுதான். யோசிக்க ஒரு நாள் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒற்றைக் கண்ணால் எழுத முடியாதா என்ன? எத்தனை பேர் எழுதுகிறார்கள்! அதை அந்த இடத்தில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

மச்சான் பரீட்சை எழுதவில்லை. கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். பிறகு புல்லு வெட்டப் போனான். நாங்கள் ஆபீஸ் குவாட்டர்சுக்குக் குடி மாறினோம், அப்பா பெருமையாக நடந்தார். எதிரில் கண்டால் மச்சான் ஓரமாக ஒதுங்கி நிற்பான். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கத் தொடங்கினான். நான் தடுக்கவில்லை. அத்தை அவனுடைய கல்யாணத்தைப் பார்க்காமலே செத்துப்போனார். அவனும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அறுபதுகளின் நடுவில், இத்தனை பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்த பிறகு, தோட்டத்தில் ஆட்கள் போகிறோம் என்று வரிசையாக வந்தார்கள். அவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒருநாள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்ததாக வந்து நின்றவன் அவன்.

பிறந்த இடம், தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் அவனைக் கேட்காமலே எழுதினேன். அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் வந்தது. என் பேனா அதில் நின்றுவிட்டது.

"எழுதுங்க ஐயா. இடது கண்ணு இல்ல" என்றான்.

எழுதினேன். பாரத்தை அவன் பக்கம் திருப்பினேன். வருகிற எல்லோருக்கும் செய்து செய்து பழகிப்போன கை, கைநாட்டுக்கு விரல் உருட்டுகிற மைப் பெட்டியை அவன் முன்னால் தள்ளியது. அவன் அதை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"பேனா குடுங்க ஐயா" என்றான்.

கொடுத்தேன். குனிந்து, நல்ல கண்ணைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இங்கிலீசில் முழுப் பெயரையும் கையெழுத்துப் போட்டான். என்னுடையதைவிட அழகான எழுத்து.

"மச்சான், அன்னைக்கு அந்தப் பந்து..." என்று தொடங்கினேன்.

"அத விடுங்க ஐயா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்று பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.