இடது கைகள்

பயம் எனக்கு முதலில் வயிற்றில்தான் வரும். அன்று காலை டாலிகஞ்சில் ஆட்டோவுக்கு நின்றபோதே வந்துவிட்டது. பெஹாலாவில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். தற்காலிக வேலை. நிர்வாகக் குழுவிலிருந்து ஓர் அம்மாள் அன்று என் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் நிரந்தரம். கணவரின் மத்திய அரசு மாற்றலில் ஊருக்கு ஊர் வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். இன்னொரு பள்ளியில் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை.

டிபனைத் தொடாமல் எழுந்ததைப் பார்த்துக் கணவர், "பரீட்சை பசங்களுக்கா, உனக்கா?" என்று கேட்டிருந்தார். எரிச்சலாக வந்தது.

இந்த வருடம் பள்ளியில் எல்லோருக்கும் ஒரே பேச்சு, உயர்நிலைச் சிந்தனை. ஒப்பித்தால் போதாது; ஏன், சரியா, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு யோசிக்க வைக்கவேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே என்ற பழைய விதியும் அப்படியே இருந்தது. வீட்டில் வங்காளம் பேசும் குழந்தையிடம் ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டால், டியூஷனில் மனப்பாடம் செய்த வரி வரும். இல்லாவிட்டால் மௌனம்தான்.

அந்த மௌனத்துக்கு எங்கள் மூத்த ஆசிரியை, நாங்கள் தீதி என்று கூப்பிடுபவர், ஒரு வைத்தியம் வைத்திருந்தார். எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கவேண்டும். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. பார்க்க வருபவருக்கு எல்லோருக்கும் பதில் தெரிந்ததுபோல இருக்கும், நாம் வலது கைகளை மட்டும் கூப்பிடலாம். பயத்தில் நானும் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கிவிட்டேன்.

பாடப் படத்தில் ஒரு தெருக்குழாய், கீழே நிரம்பி வழியும் வாளி. ஒரு பையன் ஓடிவந்து குழாயை மூடுகிறான். அவன் செய்தது சரியா, ஏன் என்று கேட்டேன். அத்தனை கைகளும் எழுந்தன. தண்ணீர் விலைமதிப்பற்றது என்றான் முதல் வலது கைக்காரன். அடுத்தவளும் அதையேதான் சொன்னாள், அதற்கடுத்தவனும் அதையேதான். கடைசி பெஞ்சிலிருந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஜன்னலோரச் சிறுமி ஒருத்தியைக் காட்டி, அவளைக் கேளுங்கள் என்றார். அவள் தூக்கியிருந்தது இடது கை.

அவள் எழுந்து, "நோ, மிஸ்" என்றாள். ஏன் என்றேன். உதடு அசைந்தது, ஆங்கிலம் வரவில்லை. உட்காரச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் அவளிடம் பதில் இருப்பது முகத்திலேயே தெரிந்தது.

"பாங்லாய் போலோ" என்றேன், வங்காளத்திலேயே சொல் என்று.

கொட்டித் தீர்த்துவிட்டாள். அவர்கள் தெருவில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு வாளி நிரம்பினால் பக்கத்தில் இருப்பவர் அதை நகர்த்தி அடுத்ததை வைக்கவேண்டும். அதைவிட்டுக் குழாயை மூடினால் பின்னால் இருப்பவர்களின் கதி என்ன? படத்தில் மற்ற வாளிகள் எங்கே என்று இன்னொருத்தி கேட்டாள். வகுப்பு சந்தைக்கடை ஆனது. அடுத்த வாளியை வை என்பதற்கு ஆங்கிலம் கேட்டார்கள், கரும்பலகையில் எழுதினேன். மணி அடித்துவிட்டது.

மத்தியானம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். வகுப்பில் வங்காளம், ஒரே சத்தம், பாடமும் முடியவில்லை. நிரந்தரம் இப்போதைக்கு இல்லை, வருடக் கடைசி வரை பார்க்கலாம், இன்னொரு தடவை விதி மீறினால் தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். கழிப்பறையில் போய் அழுதேன்.

மறுநாள் வேறொரு பாடம். பழக்கதோஷத்தில் ஏன் என்று கேட்டுவிட்டேன். கைகள் எழுந்தன. வலது கை இரண்டோ மூன்றோ. மற்றதெல்லாம் இடது கைகள், நேற்று அவளைக் கேட்டதுபோல என்னையும் கேளுங்கள் என்று ஆடிக்கொண்டிருந்தன. தாழ்வாரத்தில் தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் கேட்டது. போய்க் கதவைச் சாத்திவிட்டு, முதல் பெஞ்சு இடது கையைக் கூப்பிட்டேன்.