பதினான்கு படியும் ஒரு மருந்துச் சீட்டும்

குணசுந்தரி நினைத்தால் கோலார் தங்கவயலில் இருக்கும் ஆஸ்பத்திரிகளை எல்லாம் இழுத்துப் பூட்டி, சாவிகளைப் பேத்தமங்களா ஏரியில் வீசிவிடலாம். எமனே தலைவலி என்று வந்தாலும் அவளிடம்தான் டோக்கன் வாங்க வேண்டும்.

உள்ளதைச் சொன்னால், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பதினோரு வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். படிப்பு பத்தாவது, அதிலும் கணக்கில் ஃபெயில். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு என்று பெயர். அன்றுதான் அவள் வாசலில் செருப்புகள் குவியும். அரசாங்கத்தின் இலவச வீடியோ டாக்டரைப் போனில் பிடித்து, கன்னடம் தடுமாறுகிறவர்களுக்காகக் கன்னடம் பேசி, வந்த சீட்டைப் படித்துச் சொல்லி அனுப்புவாள். "ஜுரத்துக்கு அந்தச் சிவப்பு மாத்திரையே குடுத்துடேன்" என்று யாராவது கேட்டால் மட்டும் கோபம் வரும்.

"நான் இன்னா டாக்டரா? லைன்ல உக்காருங்க."

அவளையே திணறடித்தவர் தசரதன். எழுபத்து மூன்று வயது. நந்திதுர்க் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் அடியில் வேலை பார்த்தவர். வாயில் வைத்து இழுக்கும் பம்பு மருந்து இல்லாமல் அவரால் படுக்க முடியாது. பழைய சீட்டு காலாவதி. புதுச் சீட்டு இல்லாமல் கடை முதலாளி தரமாட்டார். மூன்று ராத்திரியாக உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார்.

திரையில் டாக்டர் முகம் தெரிந்ததும் தசரதன் மார்பை நிமிர்த்தினார்.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல சார். ஃபிட்."

"இருமல்?"

"நோ சார். ஃபிட்."

"அப்படின்னா பம்பே வேணாம்" என்றார் டாக்டர். தசரதன் பொய் சொல்கிறார் என்று குணசுந்தரி வாய் திறப்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

"இன்னா மாமா இது?"

"டாக்டர் கேட்டா வேற இன்னாம்மா சொல்றது? மூச்சு வாங்குதுன்னா அன்ஃபிட் போட்டு மேல அனுப்பிடுவானே!"

அடியில் பார்க்கிற வேலை போய்விடக் கூடாதென்று சுரங்கத்து மெடிக்கலில் வருஷா வருஷம் சொன்ன பதில். சுரங்கம் மூடி இருபது வருஷம் தாண்டியும், டாக்டர் முகத்தைக் கண்டால் அவர் வாய் அதைத்தான் சொல்லியது.

குணசுந்தரி போனில் மறுபடியும் வரிசையில் சேர்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு டாக்டரம்மா திரையில் வந்தார். அதைத் தசரதனிடம் சொல்லாமல், "கீழ சிக்னல் இல்ல மாமா, மாடிக்கு வாங்க" என்றாள். சுத்தப் பொய். கைப்பிடி இல்லாத சிமென்ட் படியில் போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தபடி பின்னோக்கி ஏறினாள். பக்கத்து வீட்டு மாயா, அதாவது இதை எழுதுகிறவள், மதில்மேல் உட்கார்ந்து கடலை தின்றபடி வேடிக்கை பார்த்தாள்.

ஐந்தாவது படியில் தசரதன் நின்றார். ஒன்பதாவதில் சுவரைப் பிடித்தார். நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

"போதும் மாமா, உக்காருங்க."

"போம்மா, சுரங்க ஷாஃப்டுல எத்தினி ஏணி ஏறினவன் நானு!"

பதினான்காவது படியில் திரையைப் பார்த்துவிட்டார். உடனே நிமிர்ந்தார்.

"ஃபி..." ஒரு மூச்சு. "ஃபிட்..." இன்னொரு மூச்சு. "மேடம்."

"முதல் படியிலேருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். உக்காருங்க ஐயா" என்றார் டாக்டரம்மா கன்னடத்தில். சீட்டு வந்தது. நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கவும் அதில் எழுதியிருந்தது.

"அன்ஃபிட் போட வெச்சிட்டியே, பாவி!"

"ஆமா, இனிமே உங்கள கேஜ்ல ஏத்திச் சுரங்கத்துல எறக்க மாட்டாங்க. ஊட்டுக்குப் போயி காலை நீட்டிப் படுங்க."

லீவு நாளிலும் கடைக்கு ஓடி மருந்தை வாங்கிவந்தாள். இழுத்துவிட்டுப் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். அதில் அவர் மகா கெட்டிக்காரர். டாக்டர்கள் முன்னால் பழகியது. அன்று ராத்திரி படுத்தே தூங்கினார்.

இதையெல்லாம் எழுதி மாயா படித்துக் காட்டினாள். குணசுந்தரி நடுவிலேயே நிறுத்தினாள்.

"மதில் மேல உக்காந்து கடலை தின்னுக்கினு இருந்தியா நீ?"

"ஆமாக்கா."

"அப்போ கெழவர் உழுந்துடுவாருன்னு ரெண்டு கையையும் நீட்டிக்கினு அவர் பின்னாலயே ஏறினது யாருடி? டாக்டரம்மா என்னைக் கேட்டாங்களே, 'பின்னால அழுதுக்கினு வர்ற பொண்ணுக்கும் ஒரு சீட்டு எழுதட்டுமா'ன்னு!"